போகிக்குக் கழிக்கும் முன் அந்த ஃப்ளாப்பிகளை ஒரு தடவை பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போகிக்கு வீட்டை ஒழிப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்காதீர்கள், பழைய மின்சாதனங்களைக் குப்பைத்தொட்டியில் கொட்டாமல் மறுசுழற்சிக்குக் கொடுங்கள் என்று எழுதியதெல்லாம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் நடுவில் ஒரு வரி வந்தது. இனி எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடாத ஃப்ளாப்பி (பழைய கம்ப்யூட்டர்களில் ஃபைல்களை வைக்கும் சதுர டிஸ்க்), கேம் சிடி இதையெல்லாம் யோசிக்காமல் கழித்துவிடலாம் என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். ஓடும் சார். ரொம்ப நன்றாகவே ஓடும். போன மாதம் எங்கள் வீட்டில் ஓடியது.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. 1993ல் சிங்கப்பூரில் இருந்து வந்த சித்தப்பா, அண்ணனுக்காக வாங்கி வந்த இரண்டு கம்ப்யூட்டர் விளையாட்டுகள் அதில் இருந்தன. ஒன்று ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’, இன்னொன்று இண்டியானா ஜோன்ஸ் அட்லாண்டிஸைத் தேடிப் போகும் விளையாட்டு. சுட்டுத் தள்ளுகிற விளையாட்டுகள் இல்லை இவை. கதைக்குள் நடந்து போக வேண்டும், ஆட்களிடம் பேச வேண்டும், கிடைத்த பொருளையெல்லாம் சட்டைக்குள் போட்டுக்கொண்டு எதை எங்கே பயன்படுத்துவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். அட்வென்ச்சர் கேம் என்று பெயர். மங்கி ஐலண்டில் வாள் சண்டையை வாளால் ஜெயிக்க முடியாது. எதிரி ஒரு வசவு விட்டால் அதற்குச் சரியான பதில் வசவு விடுகிறவன்தான் ஜெயிப்பான். தமிழ் மீடியத்தில் எட்டாவது படித்துக்கொண்டிருந்த நான் டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு அந்த வசவுகளை ஒரு நோட்டில் எழுதி எழுதி மனப்பாடம் செய்தேன். இங்கிலீஷில் வாய்க்கு வாய் பதில் சொல்லும் தைரியம் எனக்கு அங்கேதான் வந்தது.

பெட்டியை இறக்கிப் பக்கத்தில் இருக்கும் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டு போனேன். அங்கே இருந்த பையன் டிஸ்க்கைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதெல்லாம் இனிமே எதுலயும் ஓடாதுக்கா, தூக்கிப் போட்டுட்டு புதுசா ஏதாவது டவுன்லோடு பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவன் பிறப்பதற்கு முன் வந்த சரக்கு. ஆனால் உங்கள் கட்டுரையும் அதையே சொன்னபோது மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. இந்த ஒரு நம்பிக்கையால் எத்தனை பெட்டி எடைக்குப் போயிருக்கும்!

ஏன் ஓடாது என்று சொல்கிறார்கள் என்பதையும் பார்ப்போம், அதில் உண்மை இல்லாமல் இல்லை. விண்டோஸுக்கு முன் இருந்த டாஸில் ஓடிய அந்தக் காலத்து விளையாட்டுகள் பெரும்பாலும் 16 பிட் என்ற பழைய வகை புரோகிராம்கள். 64 பிட் விண்டோஸ் அவற்றைத் திறக்கவே திறக்காது. விண்டோஸ் 10 வரைக்குமாவது 32 பிட் பதிப்பு ஒன்று இருந்தது, விண்டோஸ் 11ல் அதுவும் கிடையாது. விண்டோஸ் 95 காலத்து சிடிகளில் இன்னொரு கொடுமை: விளையாட்டு 32 பிட்டாக இருக்கும், இப்போதும் ஓடக்கூடியதாகவே இருக்கும், ஆனால் அதை இன்ஸ்டால் பண்ணும் செட்டப் ஃபைல் மட்டும் 16 பிட். வாசற்கதவு திறக்காததால் நல்ல வீட்டைப் பாழடைந்த வீடு என்று நினைத்துவிடுகிறோம். அப்புறம் காப்பி அடிப்பதைத் தடுக்க சிடிக்குள் வைத்த பூட்டுகள். 2000ஐ ஒட்டி வந்த பல விளையாட்டுகளில் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு இருக்கும். அதற்கு வேண்டிய டிரைவரில், அதாவது விண்டோஸுக்குள் இருக்கும் துணை புரோகிராமில், பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது என்று விண்டோஸ் 10ல் இருந்து மைக்ரோசாஃப்ட் அதை எடுத்துவிட்டது. பாதுகாப்புக்காகச் செய்தது, தப்பு சொல்ல முடியாது. ஆனாலும் காசு கொடுத்து ஒரிஜினல் சிடி வாங்கியவனுக்குத்தான் விளையாட்டு திறக்காமல் போனது.

வேகமும் ஒரு வினை. மெதுவான கம்ப்யூட்டரை மனதில் வைத்து எழுதிய விளையாட்டு, வேகமான கம்ப்யூட்டரில் தலைதெறிக்க ஓடும். 1998ல் வந்த ‘கிரிம் ஃபண்டாங்கோ’வில் லிஃப்டுக்குள் ஒரு ஃபோர்க்லிஃப்டை வைத்துச் செய்ய வேண்டிய புதிர் ஒன்று உண்டு. கொஞ்சம் வேகமான கம்ப்யூட்டர் வந்ததுமே அதைத் தீர்க்க நேரம் போதாமல் போய், வெளியிட்ட நிறுவனமே அதைச் சரி செய்ய பேட்ச் என்ற ஒரு திருத்த ஃபைல் கொடுக்க வேண்டி வந்தது.

சரி, இப்போது நல்ல சேதிக்கு வருகிறேன்.

தோற்பாவைக் கூத்தில் பாவைகள் பெட்டியில் இருக்கும், ஆட்டுகிறவர் வேறு. ஆட்டுகிறவர் காலமாகிவிட்டால் பாவைகள் செத்துவிட்டன என்றா சொல்வோம்? அந்தக் கலையைக் கற்றுக்கொண்ட இன்னொருவர் வந்தால் அதே பாவைகள் அதே கதையை ஆடும். மங்கி ஐலண்டும் அப்படித்தான். படம், இசை, வசனம், எந்தக் கதவைத் தட்டினால் யார் வருவார் என்ற விவரம் எல்லாம் ஒரு பக்கம் தனியாக ஃபைல்களாக இருக்கிறது. அவற்றைப் படித்து ஆட்டி வைக்கும் எஞ்சின் தனி. அந்த எஞ்சினுக்கு ஸ்கம் என்று பெயர். 1987ல் ‘மேனியாக் மேன்ஷன்’ என்ற விளையாட்டுக்காக ரான் கில்பர்ட் என்பவர் லூகாஸ்ஃபில்ம் கேம்ஸில் இருந்தபோது உருவாக்கியது. அதற்குப் பிறகு பத்து வருஷம் அந்த நிறுவனத்தின் அட்வென்ச்சர் விளையாட்டுகள் கிட்டத்தட்ட எல்லாமே அதன் மேல்தான் ஓடின. 16 பிட், வேகம் என்று நான் மேலே சொன்ன தொல்லை எல்லாம் ஆட்டுகிற எஞ்சினுக்குத்தான், பாவைக்கு ஒன்றும் இல்லை.

2001ல் ஸ்வீடனைச் சேர்ந்த லுட்விக் ஸ்ட்ரிகேயஸும் பிரான்ஸைச் சேர்ந்த வின்சென்ட் ஹாமும் அந்த எஞ்சினைப் புதிதாக எழுதினார்கள். பழைய புரோகிராமைப் பிரித்துப் பார்த்து, இந்த ஃபைலில் இந்த எண் வந்தால் அது என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டு, இன்றைய கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி எழுதியதுதான் ஸ்கம்விஎம். அந்த ஆண்டு அக்டோபரில் வெளியே வந்தது. இலவசம், சோர்ஸ் கோடை, அதாவது புரோகிராமின் மூல வரிகளை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம். அதன் பிறகு உலகம் முழுக்க இருந்து ஆட்கள் சேர்ந்து, சம்பளம் எதுவும் இல்லாமல், 20 வருஷத்துக்கும் மேலாக அதை வளர்த்து வருகிறார்கள். இன்று அது ஸ்கம் விளையாட்டுகளோடு நிற்கவில்லை. சியரா நிறுவனத்தின் ‘கிங்ஸ் குவெஸ்ட்’, ‘ஸ்பேஸ் குவெஸ்ட்’ மாதிரி வேறு நிறுவனங்களின் விளையாட்டுகளும் நூற்றுக்கணக்கில் அதில் ஓடுகின்றன. விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு போன் எல்லாவற்றிலும் அது கிடைக்கிறது. இனி என்ன புது மெஷின் வந்தாலும் அந்த ஒரு எஞ்சினை அதற்கு மாற்றி எழுதினால் போதும், அத்தனை விளையாட்டுகளும் கூடவே வந்துவிடும்.

நான் செய்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உபயோகப்படும். யூஎஸ்பியில் மாட்டும் ஃப்ளாப்பி ட்ரைவ் ஆன்லைனில் கிடைக்கிறது, ஒன்று வாங்கினேன். முதல் டிஸ்க்கைப் போடும் முன் அதன் மூலையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் கட்டையை நகர்த்தி ஓட்டை தெரியும்படி வைத்தேன், அப்போதுதான் கம்ப்யூட்டர் அதில் தவறிக்கூட எதையும் எழுதாது. மேலே இருக்கும் தகரத் தடுப்பை விரலால் தள்ளிப் பார்த்தால் பழுப்பு நிறத் தட்டின் மேல் சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சை. அப்படியே உள்ளே தள்ளியிருந்தால் டிஸ்க்கும் போயிருக்கும், ட்ரைவில் டிஸ்க்கைப் படிக்கும் ஹெட்டும் போயிருக்கும். மெடிக்கல் ஷாப்பில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் காது குடையும் பஞ்சும் வாங்கி வந்து, நடுவில் இருக்கும் தகரத்தைப் பிடித்துத் தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, அழுத்தாமல் இரண்டு பக்கமும் துடைத்து, மின்விசிறியின் கீழ் காயவைத்தேன். பஞ்சில் கருப்பாக வந்தது. பிறகு போட்டால் கர்ர் கர்ர் என்று அதே பழைய சத்தம். ஒரு டிஸ்க்கில் மட்டும், இதை ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்டது. தயவுசெய்து அந்தக் கேள்விக்கு யாரும் சரி என்று தட்டிவிடாதீர்கள். படிக்க முடியவில்லை என்பதைத்தான் விண்டோஸ் அப்படிச் சொல்கிறது. சரி கொடுத்தால் இருப்பதும் அழிந்துவிடும். வேண்டாம் என்று கொடுத்து, வெளியே எடுத்து, மறுபடி துடைத்துப் போட்டேன். நான்காவது தடவை படித்தது.

ஒரு டிஸ்க் 1.44 எம்பி. இப்போது போனில் எடுக்கும் ஒரு போட்டோ அதில் அடங்காது. எல்லா ஃபைல்களையும் ஒரே ஃபோல்டரில் காப்பி செய்து, ஸ்கம்விஎம்மில் அந்த ஃபோல்டரைக் காட்டினேன். எந்த விளையாட்டு, எந்தப் பதிப்பு என்று அதுவே கண்டுபிடித்துச் சொன்னது. திறந்தது.

எங்கள் பழைய 386 கம்ப்யூட்டரில் சவுண்ட் கார்டு கிடையாது. கேபினட்டுக்குள் இருந்த ஸ்பீக்கர் பீப் பீப் என்று அடிப்பதுதான் எங்களுக்கு மங்கி ஐலண்டின் இசை. ஸ்கம்விஎம் அந்தக் காலத்து அட்லிப் சவுண்ட் கார்டு எப்படி ஒலிக்குமோ அப்படியே மென்பொருளில் செய்து காட்டுகிறது. இருட்டில் அந்தத் தீவு தெரிய, மேளம் எழுந்து வர, மைக்கேல் லேண்ட் போட்ட அந்த இசையை 30 வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கேட்டேன். விளையாட்டை எப்போதோ முடித்துவிட்ட எனக்கு அதன் பாட்டு தெரியாமலே இருந்திருக்கிறது. அண்ணனுக்கு உடனே வீடியோ கால் போட்டேன். முழுசாகக் கேட்டு முடிக்கும் வரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

படம் நசுங்கித் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அந்தக் காலத்தில் 320க்கு 200 புள்ளிகளில் வரைந்த படத்தை மானிட்டர் நெட்டுவாக்கில் கொஞ்சம் இழுத்துக் காட்டும், ஓவியர்கள் அதை மனதில் வைத்தே வரைந்தார்கள். அப்படியே இன்றைய திரையில் போட்டால் முழுநிலா தோசைக்கல்லில் அழுத்திய மாதிரி இருக்கும். அதைச் சரிசெய்யும் வசதி அமைப்புகளிலேயே இருக்கிறது. ஸ்கம்விஎம்மில் வராத டாஸ் விளையாட்டுகளுக்கு டாஸ்பாக்ஸ் இருக்கிறது, 2002ல் இருந்து வருகிறது, அதுவும் இலவசம். அது பழைய கம்ப்யூட்டர் முழுவதையுமே மென்பொருளில் நடித்துக் காட்டும், வேகத்தையும் நம் இஷ்டத்துக்குக் குறைத்துக்கொள்ளலாம்.

"இவ்வளவு எதற்கு, புதுசாகவே விற்கிறார்களே" என்று சிலர் கேட்பார்கள். மங்கி ஐலண்ட் விற்கிறது, உண்மை. 2009ல் படத்தைப் புதிதாக வரைந்து மறுபடி வெளியிட்டார்கள், வாங்க முடிந்தவர்கள் வாங்குங்கள். ஆனால் அது அதிர்ஷ்டசாலி. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று அங்கே இருக்கும் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. நூற்றில் 87க்குப் பழைய டிஸ்க்கும் அதைப் பத்திரமாக வைத்திருக்கிற ஆட்களும்தான் கதி. காப்புரிமை முடியட்டும் என்று காத்திருக்கலாம் என்றால், ஒரு நிறுவனம் 1990ல் வெளியிட்ட விளையாட்டுக்கு அமெரிக்கச் சட்டப்படி 95 வருஷம், அதாவது 2085 முடியும் வரை உரிமை ஓடும். ஃப்ளாப்பியில் இருக்கும் பூஞ்சை அதுவரை காத்திருக்காது. நூலகங்கள் விற்பனையில் இல்லாத விளையாட்டுகளை ஆராய்ச்சியாளர்களுக்கு இணையம் வழியாகக் காட்டவாவது விலக்கு கொடுங்கள் என்று அங்கே கேட்டுப் பார்த்தார்கள், 2024 அக்டோபரில் அந்த நாட்டுக் காப்புரிமை அலுவலகம் அதையும் மறுத்துவிட்டது. எனக்கு இது அநியாயமாகப் படுகிறது. விற்கவும் மாட்டேன், வைத்திருக்கிறவன் காட்டவும் கூடாது என்றால் அந்த விளையாட்டு யாருக்காக இருக்கிறது?

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் நியாயமாகவே இருக்கிறது. 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் பிரிவு 52ல், முறைப்படி வைத்திருக்கும் புரோகிராமை அது கெட்டுப் போகாமலோ தொலையாமலோ இருக்க ஒரு பேக்கப் காப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று தெளிவாக இருக்கிறது. தனியாக எழுதிய இன்னொரு புரோகிராம் அதோடு சேர்ந்து ஓடத் தேவையான விவரத்தை, அது வேறு வழியில் சுலபமாகக் கிடைக்காதபோது, தோண்டிப் பார்ப்பதற்கும் அதே பிரிவில் இடம் இருக்கிறது. அதனால் பரணில் இருக்கும் ஒரிஜினல் டிஸ்க்கைக் காப்பி எடுக்க யாரும் தயங்க வேண்டாம்.

எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் இருக்கும் ரெவல்யூஷன் சாஃப்ட்வேர், 1994ல் தாங்கள் வெளியிட்ட ‘பினீத் எ ஸ்டீல் ஸ்கை’ விளையாட்டின் சோர்ஸ் கோடை ஸ்கம்விஎம் ஆட்களிடம் கொடுத்தார்கள், 2003ல் விளையாட்டையே இலவசமாகவும் விட்டுவிட்டார்கள். ஸ்கம்விஎம் தளத்திலேயே கிடைக்கிறது. ஃப்ளாப்பி எதுவும் இல்லாதவர்கள் இன்று ராத்திரியே இதில் ஆரம்பிக்கலாம். இப்படி மனசு வைத்த நிறுவனத்தின் பெயர் இத்தனை வருஷம் கழித்தும் எங்கோ ஈரோட்டில் இருக்கும் ஒருத்தி கடிதத்தில் வருகிறது, பாருங்கள்.

இதற்கு நேர் எதிர்ப் பக்கம் ‘பிளேட் ரன்னர்’. 1997ல் வெஸ்ட்வுட் நிறுவனம் நான்கு சிடிகளில் வெளியிட்ட விளையாட்டு. 2003ல் நிறுவனம் மூடப்பட்டது, சோர்ஸ் கோடும் தொலைந்துவிட்டது. செய்தவர்களிடமே இல்லை. கையில் இருந்தது ரசிகர்கள் வைத்திருந்த சிடி மட்டும்தான். அந்த சிடியை வைத்துக்கொண்டு ஸ்கம்விஎம் ஆட்கள் பல வருஷம் உட்கார்ந்து எஞ்சினை மறுபடி எழுதி 2019ல் ஓட வைத்தார்கள். அதே வருஷம் டிசம்பரில், பழைய விளையாட்டுகளை விற்கும் ஜிஓஜி தளத்தில் அது விற்பனைக்கே வந்தது. 2022ல் வேறொரு நிறுவனம் மெருகேற்றிய புதுப் பதிப்பு என்று ஒன்றை வெளியிட்டபோது, பழையதே மேல் என்று வாங்கியவர்கள் சண்டை போட, ஸ்கம்விஎம்மில் ஓடும் பழைய பதிப்பை மறுபடி விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். யாரோ சிலர் அந்த சிடிகளை எடைக்குப் போடாமல் வைத்திருந்ததால் நடந்தது இவ்வளவும்.

எங்கள் பெட்டியில் லேபிள் இல்லாத டிஸ்க் ஒன்றும் இருந்தது. திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக. நாலு வரி பார்த்ததும் புரிந்துவிட்டது, பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது. யூனிகோடுக்கு மாற்றினால், தெருவிளக்கு கேட்டு அப்பா நகராட்சிக்கு எழுதிய மனு. அப்பா போய் 11 வருஷம் ஆகிறது.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் இதுதான். போகிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அந்த வரிக்கு ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள். டிஸ்க்கைக் கழிப்பதற்கு முன் காப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ட்ரைவ் இல்லாதவர்கள் பக்கத்தில் யாரிடம் இருக்கிறது என்று விசாரிக்கட்டும், ஒரு தெருவுக்கு ஒன்று இருந்தாலே போதும். அதுவும் முடியாதவர்கள் டிஸ்க்குகளை ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு போட்டு, ஸ்பீக்கர் மாதிரி காந்தம் இருக்கும் எதன் பக்கத்திலும் வைக்காமல், வெயில் படாத இடத்தில் வைக்கட்டும்.

மங்கி ஐலண்ட் பெட்டியில் அட்டையால் செய்த ஒரு சக்கரமும் இருக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வட்டம், ஒரு வட்டத்தில் கடற்கொள்ளையரின் நெற்றி, இன்னொன்றில் தாடை. திரையில் வரும் முகத்தைச் சுற்றிச் சேர்த்தால் ஜன்னலில் ஒரு வருஷம் தெரியும், அதை அடித்தால்தான் விளையாட்டு திறக்கும். சக்கரம் தொலைந்தவர்களுக்காக ஸ்கம்விஎம் அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறது. எங்கள் வீட்டில் சக்கரம் பத்திரமாக இருப்பதால் அமைப்பை மாற்றிக் கேள்வியை வரவைத்திருக்கிறேன். இப்போது அதைச் சுற்றுவது என் மகளின் வேலை. ஒட்டுத்தாடிக்காரனின் முகம் சேர்ந்ததும் "அம்மா, கிடைச்சிடுச்சு" என்று கத்துகிறாள்.

இண்டியானா ஜோன்ஸின் கடைசி டிஸ்க் மட்டும் இன்னும் படிக்கவில்லை. ஒன்று குறைந்தாலும் இன்ஸ்டால் முடியாது. இரண்டு தடவை துடைத்தாகிவிட்டது. அண்ணன் பொங்கலுக்கு வரும்போது வேறொரு ட்ரைவ் கொண்டு வருகிறான், அதில் போட்டுப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி,
ஈரோடு